சட்டைக்குத் தெரியாமல் அத்தைக்கு எழுதியது

பெருமதிப்பிற்குரிய அத்தைக்கு,

உங்கள் மாப்பிள்ளை வணக்கம் சொல்லி எழுதுவது. நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்றும், உங்கள் முழங்கால் முன்னைவிடக் கீழ்ப்படிந்து நடந்துகொள்கிறது என்றும் நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனா போகிறது. ஆனால் 'எல்லோரும்' என்பதில் என் சட்டையைச் சேர்ப்பதா விடுவதா என்று தெளிவாகாததால் அந்த வரியை நிறுத்தி வைத்திருக்கிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், போனில் இரண்டு வார்த்தை பேசினால் ஆகாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் போனில் உங்கள் குரலைக் கேட்டதும் என் நெஞ்சுத் துடிப்பு எகிறுவது உங்கள் மகளின் கணினித் திரையில் கோடாகத் தெரிகிறது. அடுத்த அறையிலிருந்தே, "அம்மாகிட்ட என்ன கோள் சொல்றீங்க?" என்று கேட்டுவிடுவாள். ஆகவே நூலகத்தின் பின்னறையில், பழைய இதழ்க் கட்டுகளுக்கு நடுவே, சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு வெறும் பனியனோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அப்படியே கழற்றினால் ஆள் போய்விட்டதாகத் திரையில் காட்டும் என்பதால் முதலில் அதன் பொத்தானை அணைத்துவிட்டேன்.

உங்கள் மகள் மில் வேலையை விட்டதை அவளே உங்களிடம் சொல்லியிருக்கிறாள். விட்ட பிறகு என்ன செய்கிறாள் என்பதை மட்டும் "ஏதோ துணி வேலைதாம்மா" என்று மென்று விழுங்கியிருக்கிறாள். நீங்கள் தலைமையாசிரியையாக இருந்தவர், அரை விடைக்கு மதிப்பெண் போட மாட்டீர்கள். மீதி அரையை நான் எழுதுகிறேன். மில்லின் வடிவமைப்புப் பிரிவில் இத்தனை வருடமாகப் படுக்கை விரிப்புக்குப் பூவும் திரைச்சீலைக்கு இலையும் வரைந்துகொண்டு நிம்மதியாக இருந்தவள், ஒருநாள் காலையில் நான் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது வந்து நின்று, துணிமேல் பூப்போட்டது போதும், இனிமேல் துணிக்கு உணர்ச்சி வரவைக்கப் போகிறேன், சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறேன் என்றாள். நானும் தலையை ஆட்டினேன். முகத்தில் சோப்பு இருக்கும்போது மனிதன் எதற்கும் சம்மதிக்கக் கூடாது, அத்தை. இப்போது எங்கள் ஹாலில் ஒரு சின்னத் தறி நிற்கிறது. சாப்பாட்டு மேசையில் பற்றவைக்கும் கருவியும் ஒயர்களும். நாங்கள் நின்றுகொண்டு சாப்பிடுகிறோம். எங்கள் கல்யாணத்தின்போது மாமா, பெண்ணுக்கும் நூல் வேலை, மாப்பிள்ளைக்கும் நூல் வேலை, இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். அவர் இருந்திருந்தால் இன்றைக்கு அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருப்பேன். என் நூல் அலமாரியில் அடங்கி இருக்கிறது. அவள் நூல் ஏன் என் முதுகில் ஏறி உட்கார வேண்டும்?

விஷயம் இதுதான். வெள்ளி பூசிய நூல் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பருத்தியோடு சேர்த்து நெய்கிறாள். துணி இழுபட்டாலோ அமுங்கினாலோ அந்த நூலில் ஓடும் மின்சாரம் கொஞ்சம் மாறும். தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு பெட்டி அந்த மாற்றத்தைப் படித்து, நாம் எங்கே இருந்தாலும் இணையம் வழியாக அவள் கணினிக்கு அனுப்பும். மின்சாரம் என்றதும் பயப்படாதீர்கள், டார்ச் லைட்டில் இருப்பதைவிடக் குறைவு. நானும் முதலில் பயந்தேன். பயந்தது திரையில் தெரிந்தது. இப்படி அவள் முதலில் செய்தது ஒரு சட்டை. போட்டுக்கொண்டால் மூச்சு, நெஞ்சுத் துடிப்பு எல்லாம் எண்ணும். கூன் போட்டு உட்கார்ந்தால் தோளில் அதிரும். சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும், வீட்டில் இருப்பது நான் ஒருவன். வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். நான் சொல்வதை அவள் சட்டை செய்வதே இல்லை, அத்தை, சட்டை மட்டும்தான் செய்கிறாள்.

நூலகர் வேலையே குனிவதுதான். கீழ்த்தட்டில் புத்தகம் எடுக்கக் குனிந்தால் 'விர்ர்', பதிவு போடக் குனிந்தால் 'விர்ர்'. ஊசி விழுந்தால் கேட்கும் வாசிப்பறையில் நான் நடமாடும் வண்டு மாதிரி ஆகிவிட்டேன். தினமும் வந்து விளம்பரப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போகும் ஒரு பெரியவர், பாவம், மிக மரியாதையாக என்னைத் தனியே கூப்பிட்டு, முதுகில் போன் வைக்கக் கூடாது, சூடு என்று சொன்னார். அதையாவது பொறுக்கலாம். போன மாதம் மேலதிகாரி ஆய்வுக்கு வந்தார். புத்தகம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று அவர் குரலை உயர்த்தவும், எனக்கு வழக்கம்போல் நெஞ்சு அடித்துக்கொண்டது. உடனே மேசைத் தொலைபேசி ஒலித்தது. அதிகாரியே எடுத்தார். மறுமுனையில் உங்கள் மகள், யார் எடுத்தது என்றுகூடக் கேட்காமல், "எதுக்கு இவ்வளவு பயம்? மறுபடி அந்த ஆளு கத்தறாரா? உட்காருங்க, தண்ணி குடிங்க" என்றிருக்கிறாள். அதிகாரி நிதானமாக உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டி, உங்களுக்குத்தான் என்று நினைக்கிறேன் என்றார். அன்றைக்கு ஆய்வு அத்தோடு முடிந்தது என்பது நல்லதுதான், ஆனாலும் இப்போது அவர் எனக்கு அனுப்பும் சுற்றறிக்கையில்கூட ஒரு மெல்லிய சிரிப்பு இருக்கிறது.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். குடும்பம் நடப்பதே சின்னச் சின்னப் பொய்களால்தானே. நடைப்பயிற்சிக்குப் போனேன் என்பேன், பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைச் சட்டை சொல்லிவிடும். அவள் ஏதோ சொல்லி எனக்குச் சுருக்கென்று இருக்கும், பெரிய மனுஷனாக எனக்கொன்றும் கோபமில்லை என்பேன். அவள் திரையைப் பார்ப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள். ஒரு கணவன் தன் மனைவியிடம் கோபமில்லை என்று சொல்லும் உரிமையைக்கூடப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறேன். ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவளுக்கு உண்மை தெரிந்துவிட்டதால் பல சண்டைகள் பாதியிலேயே நின்றுபோகின்றன. இது எனக்குச் சாதகமா பாதகமா என்று இன்னும் கணக்குப் போட்டு முடியவில்லை.

சட்டையோடு நின்றிருந்தால் நான் இந்தக் கடிதத்துக்கே வந்திருக்க மாட்டேன். எங்கள் மேல் வீட்டில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவரும் அவர் மனைவியும் குடியிருக்கிறார்கள். அந்த மனிதர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. பேச்சும் போய்விட்டது. கை ஒன்று மட்டும் கொஞ்சம் ஆடும். ஆண்டுக்கணக்கில் மற்றவர்களை மேலும் கீழும் கொண்டுபோன ஆள், இப்போது தானாக ஒருக்களித்துப் படுக்க முடியாது. அந்த அக்காதான் அலாரம் வைத்து எழுந்து எழுந்து அவரைத் திருப்பிப் போடுகிறார். ஒரு தடவை தவறினாலும் முதுகில் புண் வந்துவிடும். ஒருநாள் ஊசி இரவல் கேட்டுக் கீழே வந்தவர், நான் கூன் போடுவது திரையில் தெரிந்து சட்டை அதிர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "உட்கார்ந்திருக்கறவங்களுக்கு ஆகுதே, படுத்தே கெடக்கறவங்களுக்கு இது ஆகாதாம்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் மாடியேறிவிட்டார். அவருக்கு நிற்க எங்கே நேரம்.

உங்கள் மகள் அன்றைக்கே சட்டை வேலையை ஓரம் கட்டிவிட்டு விரிப்பில் இறங்கிவிட்டாள். செய்த சட்டை மட்டும் என் முதுகிலேயே தங்கிவிட்டது. மேலே படுத்திருப்பவரின் உடம்பு எந்த இடத்தில் ரொம்ப நேரம் அழுந்துகிறதோ அந்த இடம் திரையில் சிவக்கும், மணி அடிக்கும், திருப்பிப் படுக்க வைத்தால் சிவப்பு போய் நீலமாகும். பார்த்துக்கொள்பவர் கடிகாரத்துக்கு அடிமையாக இருக்க வேண்டியதில்லை. தேவைப்படும்போது எழுந்தால் போதும். முதலில் மேல் வீட்டுக்கு, பிறகு ஆஸ்பத்திரிகளுக்கு என்று திட்டம். முதல் விரிப்பை முடித்து அவள் கொடியில் போட்டிருந்தாள். நான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று அதைக் கொதிக்கும் நீரில் பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைத்து, வெள்ளை வெளேரென்று துவைத்து, மடித்தும் வைத்துவிட்டேன். வெள்ளி நூல் எல்லாம் செத்துப்போயிற்று. மாதக்கணக்கான உழைப்பு. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் விரிப்பை முகர்ந்து பார்த்தாள், தரையில் உட்கார்ந்தாள், "ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தானே வெளுப்பாங்க. நான் அதை யோசிக்கவே இல்ல பாருங்க" என்றாள். அன்று முதல் எங்கள் வாஷிங் மெஷின் ஓயவில்லை. நூலை மாற்றுவதும், நெய்வதும், அதைப் பிளீச்சிங் பவுடரில் கொல்லப் பார்ப்பதும், அது பிழைக்கிறதா என்று பார்ப்பதுமாகப் போயிற்று. கடைசியில் பிழைக்கும் நூல் ஒன்று கிடைத்தது. அந்த நேரத்தில் எனக்கு உடுத்தத் துவைத்த வேட்டிகூட இல்லை, ஆனால் வீட்டில் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

இப்போது கடிதத்தின் வலிக்கிற பகுதிக்கு வருகிறேன். தொழில் ஆலோசகர் ஒருவர் எங்களோடு வந்து சேர்ந்திருந்தார். எதைக் கேட்டாலும் 'அது அடுத்த ஸ்லைடில் இருக்கிறது' என்பதால் அவருக்கு ஸ்லைடு என்றே நான் பெயர் வைத்திருந்தேன். அவர் பாடுபட்டு ஒரு தனியார் மருத்துவமனையில் செய்து காட்ட ஏற்பாடு செய்தார். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் எல்லாக் கட்டிலுக்கும் நம் விரிப்புதான். விரிப்பை முந்தின நாளே தங்கள் சலவையில் போட்டு எடுப்போம் என்பது மட்டும் பெரிய டாக்டரின் நிபந்தனை. கொடுத்தோம். மறுநாள் காலை அங்கே கூட்ட அறையில் கட்டில் போட்டு, சுவரில் பெரிய திரை மாட்டியிருந்தார்கள். நோயாளியாகப் படுக்க நான். டாக்டர்கள் வருவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று படுத்தேன். என் தோளும் இடுப்பும் குதிகாலும் சிவப்பாகத் தெரிய வேண்டும். திரை முழுக்க நீலம். கட்டிலில் யாருமே இல்லை என்கிறது விரிப்பு. புரண்டு பார்த்தேன், எம்பிக் குதித்தும் பார்த்தேன், அப்போதும் நான் இல்லை. நான் இருக்கும்போதே இல்லாதவனாக நடத்தப்படுவது எனக்குப் புதிதல்ல, ஆனால் அவ்வளவு பெரிய திரையில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உங்கள் மகள் விரிப்பின் ஓரத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறாள். வெளியே செருப்புச் சத்தம். ஸ்லைடு சட்டென்று கணினியில் எதையோ தட்டினார். முந்தாநாள் வீட்டில் எடுத்த பதிவு இருக்கிறது, ஓட்டிவிடலாம், சார் அசையாமல் படுத்திருந்தால் போதும், அப்புறம் சரிசெய்து கொடுத்துவிடலாம் என்று காதோடு சொன்னார். அவள் பதில் சொல்வதற்குள் டாக்டர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். சுவரில் என் தோளும் இடுப்பும் அழகாகச் சிவந்தன. பெரிய டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார், தலையாட்டினார், பக்கத்திலிருந்தவரிடம் எத்தனை கட்டில் என்றுகூடப் பேச ஆரம்பித்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன், அத்தை. இவள் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் நாம் கரையேறிவிடுவோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திறந்தாள். எழுந்துபோய்த் திரைக்கு வரும் ஒயரைப் பிடுங்கிவிட்டு, "டாக்டர், இப்ப நீங்க பார்த்தது முந்தாநேத்து எங்க வீட்டுல எடுத்தது. இன்னைக்குத் துணி வேலை செய்யல. ஏன்னு எனக்கு இன்னும் தெரியல" என்றாள்.

அப்புறம் அந்த அறையில் இருந்த அமைதியில் எங்கள் வாசிப்பறையை நடத்தலாம். எனக்கு எழுந்திருப்பதா படுத்தே இருப்பதா என்று புரியவில்லை. எழுந்தால் ஏமாற்ற வந்தவன் மாட்டிக்கொண்டு எழுந்தது போலாகும், படுத்திருந்தால் அவளைத் தனியாக நிற்க விட்டது போலாகும். நடுவாக உட்கார்ந்தேன். பெரிய டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நன்றி சொன்னார், போய்விட்டார். மற்றவர்களும் போனார்கள். ஸ்லைடு தன் பையைக் கட்டிக்கொண்டு, இவ்வளவு உண்மையை வைத்துக்கொண்டு வியாபாரம் நடத்த முடியாது மேடம், மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டு அவரும் போனார். அவர் கெட்டவர் இல்லை, அத்தை, அவர் சொன்னதில் எனக்கும் பாதி சம்மதம்தான்.

பேருந்தில் வரும்போது அவள் விரிப்பை மடியில் போட்டுக்கொண்டு அதன் ஓரத்தை விரலால் நெருடிக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலிலேயே மேல் வீட்டு அக்கா காத்திருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நாள் ஆகும் அக்கா என்றாள் இவள். "ஆகட்டும்மா. அவர் எங்க எழுந்து போயிடப் போறாரு" என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இவள் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று முதல் பேச்சில்லை. சாப்பிட்டாயா என்றால் தலையசைப்பு, தூங்கு என்றால் தலையசைப்பு. நாள் முழுக்க அந்த விரிப்பின் ஓரத்தை இழை இழையாகப் பிரிப்பதும், வெட்டுவதும், திரும்பத் தைப்பதும்தான். நெஞ்சுத் துடிப்பை அளக்கும் சட்டை அவளுக்கென்று ஒன்று இருந்தால் நானும் திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். எனக்கு அந்த வசதி இல்லை. முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பார்க்க முடியவில்லை.

மில் மேலாளர் எங்கள் நூலகத்து உறுப்பினர். போன வாரம் புத்தகம் திருப்ப வந்தபோது, உங்கள் மனைவியின் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, அவர் மாதிரி பூப்போட ஆள் கிடைக்கவில்லை என்றார். எனக்குத் தெய்வமே நேரில் வந்து சொன்னது போலிருந்தது. அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் ஒரு தடவை வர வேண்டும். என் பேச்சு எடுபடாது. நீங்கள் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தால் ஒரு பள்ளிக்கூடமே கப்சிப் ஆகும், அவள் கேட்பாள். முயற்சி பண்ணினாய், போதும், மறுபடியும் போய்ப் பூவும் இலையும் வரை என்று பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அவள் தோற்றதற்காக நான் வருந்தவில்லை. தோற்றுவிட்டோம் என்று அவள் சொல்லாமல் இருக்கிறாளே, அதுதான் தாங்க முடியவில்லை. நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் அன்பு. உங்கள் முழங்காலுக்கு என் தனிப்பட்ட விசாரிப்பு. உங்கள் ஆசி எங்கள் இருவருக்கும், முடிந்தால் எங்கள் வாஷிங் மெஷினுக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்களுக்கு அடங்கிய
மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டுப் பையில் வைத்தவன் தபாலில் சேர்க்க மறந்துவிட்டேன். நல்லதாகப் போயிற்று. சில நாள் கழித்து, ஒட்டின உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். ஓரம் கிழிந்திருப்பதை மன்னிக்கவும்.

மேலே எழுதியிருப்பதை நம்பிப் பெட்டி கட்டிவிடாதீர்கள். முந்தாநாள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனால், எங்களிடம் மிச்சமிருக்கும் ஒரே நாற்காலியில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். அந்த மருத்துவமனையின் ஹெட் நர்ஸ். அன்றைக்குக் கூட்ட அறையில் கதவோரமாக நின்றிருந்தாராம், கட்டிலில் படுத்திருந்த எனக்கு எப்படித் தெரியும். வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார், நாங்கள் அன்றைக்கு எழுதிக் கொடுத்த விலாசத்தை மருத்துவமனை வாசல் காவலாளியிடம் வாங்கிக்கொண்டு. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வேலை செய்யுதுன்னு சொல்லிக்கிட்டு வர்றவங்களை நிறையப் பார்த்துட்டேன்மா. வேலை செய்யலன்னு சொன்ன ஆளை இப்பத்தான் பார்க்கறேன். அதான் வந்தேன். நாளைக்கு ஒரு நோயாளிக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ எங்கிட்ட உண்மையைச் சொல்லுவ." அவர்கள் சலவையில் விரிப்பைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிழிவார்களாம். உங்கள் மகள் எழுந்துபோய் ஒரு விரிப்பை எடுத்து வந்து அவர் மடியில் போட்டாள். உருளையில் நசுங்கியது எது என்று அவளே கண்டுபிடித்திருக்கிறாள். ஒயர் சேரும் ஓரம்தான். இப்போது தட்டையான பிரஸ் பட்டனைத் தவிரக் கெட்டியானது எதுவும் துணியில் இல்லை. பெட்டியையும் ஒயரையும் பிரஸ் பட்டனில் கழற்றிவிட்டுத் துவைக்கலாம். இவ்வளவு நாள் பேசாமல் இருந்தது வருத்தத்தில் இல்லையாம், யோசனையிலாம். இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று கேட்டேன். சொன்னேனே, நீங்க கவனிக்கல என்கிறாள். சட்டைதான் பொய் சொல்லாது, மனைவியைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை.

ஹெட் நர்ஸ் தன் வார்டில் போட்டுப் பார்க்க மட்டும் கொஞ்சம் விரிப்பு கேட்டிருக்கிறார், தேறினால் பெரிய டாக்டரிடம் தானே பேசுகிறேன் என்கிறார். மில் மேலாளரிடம் நானே போய், அந்த நாற்காலிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆகவே, அத்தை, நீங்கள் வர வேண்டும், புத்தி சொல்ல அல்ல. விரிப்புகளுக்கு ஓரம் தைக்க ஆள் பற்றவில்லை. உங்கள் தையல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போலிருக்கும் என்று உங்கள் மகள் சொல்கிறாள்.

புது விரிப்புகளில் முதலாவதை இன்று காலை மேல் வீட்டில் விரித்தோம். திரையும் மணியும் இப்போதைக்கு எங்கள் வீட்டில்தான், மணிச் சத்தம் மாடிக்குக் கேட்கும். பிற்பகலில் எங்கள் வீட்டுத் திரையில் இடது இடுப்புப் பக்கம் சிவந்தது, மணியும் அடித்தது. மேலே யாரும் எழுந்த சத்தம் இல்லை. இருவரும் மாடிக்கு ஓடினோம். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கட்டில் சட்டத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். பகலில் அவர் கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை. உங்கள் மகள் அவரைத் தொட்டு எழுப்பப் போனாள். படுக்கையில் கிடந்த மனிதர், ஆடுகிற அந்த ஒரு கையை மெதுவாகத் தூக்கி, விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். நாங்கள் இருவருமாகச் சத்தம் வராமல் அவரை வலப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்தோம். அக்கா இன்னும் எழவில்லை. அவருக்குப் பதிலாகக் கட்டிலோரம் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.